ஏழாவது படிவம்

சூளைத் தெருவுக்கு நாற்பது புதுக் குடும்பங்கள் வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பால்காரர் வந்துபோன பிறகு, பள்ளிக்கூடத்து முதல் மணி அடிப்பதற்கு முன்னால். அவர்கள் பஸ்ஸில் வரவில்லை, லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டும் வரவில்லை. ஆலங்கரை பேரூராட்சி அலுவலகத்தில் படிவக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் பின்னறையின் கதவைத் திறந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கி, செருப்பில்லாத காலோடு மெயின் ரோட்டில் நடந்து வந்தார்கள். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த தங்கக்கனி அண்ணாச்சி, ஆறு குடும்பம் போன பிறகு ஒரு குடும்பம் நிற்கிற அளவுக்கு வரிசையில் இடம் காலியாக இருந்ததையும், அதற்குப் பின்னால் முப்பத்து நான்கு குடும்பம் வந்ததையும், ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் ஆண், ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன், நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை என்று அச்சு அசலாக இருந்ததையும் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டு ஆளுக போல. முகூர்த்தம் எத்தன மணிக்கோ" என்று சொல்லிக் கரியைத் தள்ளினார்.

வரிசை திரும்பிய மாதா கோயில் தெருவில் தன் வீட்டு கேட்டுக்கு உள்ளே, ஏழு மாதக் குழந்தை இவாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெனிட்டாவுக்கு மட்டும் அவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இல்லையென்று தெரிந்தது. முன்னால் போன பெண்ணின் பெயர் அபிராமி என்று தெரிந்தது. அடுத்தவள் அடைக்கலமேரி, அதற்கடுத்தவள் ஆக்னஸ், கடைசியில் வருகிறவள் ஜீனத் என்று, முகத்தைப் பார்க்காமலே தெரிந்தது. அந்தப் பெண்களின் வலது கைப் பெருவிரல் ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் விரலாக, பட்டாணி அளவில், மொழுமொழுவென்று, ஊதா மையோடு இருந்தது. அவள் இவாவின் பெருவிரலைப் பார்த்தாள். பத்து நாளாகத் தேங்காய் எண்ணெயும் கடலை மாவும் போட்டுத் தேய்த்தும் போகாத அதே ஊதா. உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். ஊர்க் குப்பையைக் கொட்டக் கிடங்கு கட்ட வேண்டும், இடம் சூளைப் பள்ளம் என்று ஏற்கெனவே பேச்சிருந்தது, ஆனால் பக்கத்துத் தெருக்காரர்களின் கருத்தைக் கேட்டு வீட்டுக்கு ஒரு படிவம் நிரப்பி மேலே அனுப்ப வேண்டும் என்று புது உத்தரவு. மகளிர் குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்தவள், கான்வென்ட்டில் படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று செயல் அலுவலர் சாந்தகுமார் பெனிட்டாவைக் கூப்பிட்டு, நாற்பத்தொரு படிவத்தைக் கையில் கொடுத்தார். "நல்லா செஞ்சு குடும்மா, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலைக்கு ஓர் ஆள் வேணும், பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வரலாம்" என்றார். கணவன் அமலன் கப்பலில் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. தனி வீட்டில், குழந்தைக்குச் சளி என்றால்கூடப் பக்கத்தில் யாரைக் கூப்பிடுவது என்று நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஆபீஸ் நாற்காலி சொர்க்கத்தில் போட்ட நாற்காலியாகத் தெரிந்தது.

அவள் போனாள். ஓடைப் பாலம் வரை போனாள். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் சூளைத் தெரு. ஊர்க் குப்பையை அள்ளுகிறவர்களின் தெரு. பச்சைத் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. முட்டியில் புண் ஆறிய வடுவோடு ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, இடுப்பிலிருந்து தொங்கிய இவாவின் பாதத்தைத் தொடக் கையை நீட்டியது. பெனிட்டா பாதத்தைச் சட்டென்று இழுத்துத் துணிக்குள் சுருட்டிக்கொண்டாள். அம்மை பரவுகிற காலம், கைப்பிள்ளைக்காரி இதற்கு மேல் போகக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாள். பாலத்துக்கு மிக அருகில் இருந்த ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் யாரோ நின்று பார்த்ததை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி வந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், இவா தூங்குகிற நேரத்தில், சாப்பாட்டு மேசையில் படிவங்களைப் பரப்பினாள். நாற்பத்தொரு வீட்டுக்கு நாற்பத்தொரு பெயர் வேண்டும். யோசித்தால் பெயர் வராது, ஆனால் பத்தாம் வகுப்பு பி பிரிவில் சிஸ்டர் பிலோமினா தினமும் காலையில் கூப்பிட்ட வருகைப் பதிவேடு அவள் நாக்கில் அப்படியே இருந்தது, அதில் சரியாக நாற்பத்தொரு பெயர் இருந்தது, அதை மாதாவே காட்டிய வழி என்று நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். குடும்பத் தலைவி பெயர், அபிராமி. தொழில், கூலி. குழந்தைகள், ஆண் ஒன்று ஆறு வயது, பெண் ஒன்று நாலு வயது. குடிநீர், தெருக்குழாய். குறைகள், எதுவும் இல்லை. பதினோராவது கேள்வி, குப்பைக் கிடங்கு அமைக்க ஆட்சேபணை உண்டா. இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் பெருவிரல் ரேகை என்று இருந்தது. அவளுக்குத் தன் விரலை வைக்கப் பயமாக இருந்தது. தூங்கும் பிள்ளையின் விரலை மைப் பெட்டியில் ஒற்றி, ஒற்றி, நாற்பத்தொரு முறை வைத்தாள். பிள்ளை ஒரு தடவைகூட விழிக்கவில்லை. பேனா பழக்கத்தில் ஓடிய ஓட்டத்தில், அந்தப் பதிவேட்டில் ஏழாவது பெயர் தன்னுடையதுதான் என்பதும், ஏழாவது படிவத்தில் பெனிட்டா என்றே எழுதியிருக்கிறோம் என்பதும் அவள் கண்ணில் படவே இல்லை.

வந்தவர்கள் சூளைத் தெருவில் அவரவர் படிவத்திலிருந்த கதவு எண்ணுக்கு நேராகப் போய் நின்று, "இது எங்க வீடு. படிவத்தில இருக்கு" என்றார்கள். சண்டை போடவில்லை. சண்டைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்த நாலு வயதுப் பிள்ளைகள் கொட்டாவி விட்டன. வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பாயைத் தள்ளிப் போட்டு இடம் கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் அவர்களுடைய சுபாவம் பழகிவிட்டது. "சாப்பிட்டீங்களா?" என்றால் பதில் வராது, வெறும் கட்டம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள். "தொழில் என்ன?" என்றால் "கூலி" என்பார்கள். ஆண்களுக்கு அந்தக் கூலி தவிரப் பெயரே இல்லாததால் தெருவில் எல்லாரையும் 'அண்ணாச்சி' என்று பொதுவாகக் கூப்பிட்டார்கள். ரேஷன் கடைக் கைரேகைக் கருவி நாற்பது பெண்களையும் ஒரே ஆள் என்று சொல்லிற்று. கடைக்காரர், கருவியை நம்புவதா கண்ணை நம்புவதா என்று ரெண்டு நாள் யோசித்து, யாருக்கும் அரிசி போடாமல் சமாதானமானார். படிவத்தில் மதத்துக்குக் கட்டம் இல்லாததால் பங்குச் சாமியார் அவர்களைத் தன் கணக்கிலும், அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் தங்கள் கணக்கிலும் சேர்த்துக்கொண்டார்கள். மாணவர் இல்லாமல் மூடப் போகிறார்கள் என்றிருந்த தொடக்கப் பள்ளியில் ஒரே நாளில் எண்பது பிள்ளைகள் வந்து உட்கார்ந்தன. தலைமை ஆசிரியை சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். குழந்தை விரலால் அந்தப் பெண்களுக்கு முடிச்சு அவிழ்க்க வராது, பருப்பு டப்பா திறக்க வராது. அதைச் சூளைத் தெருப் பெண்கள் திட்டிக்கொண்டே செய்து கொடுத்தார்கள்.

ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. விடிந்ததும் நாற்பது பெண்களும் குடத்தோடு தெருமுனைக்குப் போய், பெனிட்டா எழுதிவைத்த தெருக்குழாய் இருக்க வேண்டிய இடத்தில், குழாயே இல்லாத இடத்தில், வரிசையில் நின்றார்கள். ஆறாவது ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் நடுவில் ஒரு குடம் வைக்க இடம் விட்டு நின்றார்கள். சூளைத் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர் லாரி, தெருக்குழாய் உள்ள பகுதி என்று கணக்கெடுப்பில் வந்துவிட்டதால், அந்த வாரத்திலிருந்து நிறுத்தப்பட்டது.

இதையெல்லாம் பெனிட்டாவுக்கு வந்து சொன்னது ஏழாம் நம்பர் வீட்டு முத்துப்பேச்சி. மாதா கோயில் தெருவுக்குக் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவள் அவள்தான். தினமும் கேட்டுக்கு வெளியே விசில் ஊதுவாள், பெனிட்டா கையை எட்டி நீட்டிப் பையைக் கொடுப்பாள், அவ்வளவுதான் உறவு. அக்கா என்றோ பெரியம்மா என்றோ பெனிட்டா உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஏ பிள்ள, லாரி வரல கேட்டியா. பள்ளத்துப் பம்புலதான் அடிச்சுக் குடிக்கோம். நாளைக்கு அந்தப் பள்ளத்துல ஊர்க் குப்பையக் கொட்டுனா அந்தத் தண்ணியும் போச்சு."

"ஆபீஸ்ல சொல்லிப் பாருங்க."

"சொன்னேன். 'உங்க தெருவுல எல்லாரும் சம்மதம் சொல்லிட்டாங்களே, ஒனக்கு என்ன தனியா?'ங்காரு." முத்துப்பேச்சி வண்டியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டாள். "அது கெடக்கட்டும். எல்லா வீட்டுக்கும் ஆளு வந்திருக்கு. எங்க வீட்டுக்கு மட்டும் வரல. ஏழாம் நம்பர்னா என்ன எளப்பமா? நானும் தெனம் ஒரு தட்டு சோறு கூடப் போட்டு மூடி வைக்கேன். யாரோ வரணும்னு இருக்கு, வர மாட்டேங்கு." அவள் பெனிட்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை, இவாவின் விரலைத்தான் பார்த்தாள். "பிள்ளைக்கு என்ன, கையில மை?"

"பேனா உடைஞ்சிருச்சு."

"ம். பேனா" என்றாள் முத்துப்பேச்சி. விசிலை ஊதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்குப் பெனிட்டா, தன்னிடம் வைத்திருந்த படிவங்களின் நகலை எடுத்துப் பார்த்தாள். ஏழாவது படிவம், கதவு எண் ஏழு, குடும்பத் தலைவி பெனிட்டா, ஆட்சேபணை இல்லை. தன் கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. ஜெபமாலையை எடுத்தாள், முதல் மணியிலேயே ஜெபம் நின்றுவிட்டது. செய்ததைச் சொன்னால் செயல் அலுவலர் தருவதாகச் சொன்ன வேலை போகும், ஊர் சிரிக்கும், அமலனுக்குக் கப்பலில் யாராவது சொல்லிவிடுவார்கள், போலீஸ் வந்தால் பிள்ளையை யார் பார்ப்பது. சொல்லாவிட்டால் அந்தப் பம்பு. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள், ஒவ்வொரு தடவையும் முதலில் வந்தது தன் பயம்தான், பம்பு இரண்டாவதாகத்தான் வந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

சூளைத் தெருக்காரர்கள் எங்களை யாரும் கேட்கவில்லை என்று மனுக் கொடுத்தார்கள். சாந்தகுமார் நல்ல மனிதர். அதனால் சமுதாயக் கூடத்தில் பகுதி சபைக் கூட்டம் போட்டு, எல்லார் முன்னாலும் படிவத்தைப் படித்துச் சரிபார்த்துவிடலாம் என்றார். அன்றைக்குத் திரையில் ஒரு பெரிய பச்சை வட்டம் போட்டுக் காட்டினார். வட்டத்தில் வேறு நிறமே இல்லை. "நான் ரூம்ல உக்காந்து முடிவெடுக்கிற ஆள் இல்லீங்க. ஜனங்களக் கேட்டுத்தான் எதையும் செய்வேன். நூத்துக்கு நூறு சம்மதம், இது நான் சொல்லல, நீங்க சொன்னது" என்றார். அவர் பக்கத்து நாற்காலியில், படிவக் கட்டை எடுத்துக் கொடுக்க, மடியில் இவாவோடு பெனிட்டா உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, நாங்களும் இருக்கோம்லா" என்றாள் முத்துப்பேச்சி பின்னாலிருந்து.

"இருக்கீங்கம்மா. உங்க பேரு படிவத்தில இல்லியே. கொஞ்சம் பொறுங்க." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு. அபிராமி."

ஊதாச் சேலையில் அபிராமி எழுந்தாள். "ப்ரசென்ட் சிஸ்டர். ஆட்சேபணை இல்லை" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, மூன்று வாரத்தில் அதுவும் பழகியிருந்தது. அடைக்கலமேரி எழுந்தாள், ஆக்னஸ் எழுந்தாள், அல்போன்சா, அமுதா, ஆரோக்கியசெல்வி எழுந்தார்கள். ஆட்சேபணை இல்லை, இல்லை, இல்லை.

"ஏழு. பெனிட்டா."

அமுதாவுக்குப் பக்கத்தில் ஆரோக்கியசெல்வியும், அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலியும், அதற்கப்பால் செலினும் இருந்தார்கள். நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, மேடையில் இருந்தவளைப் பார்த்தார்கள். காலை வணக்கக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவளை வரிசையில் நிற்கிற பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்த மாதிரி, கோபமில்லாமல், வந்து சேர் என்கிற மாதிரி பார்த்தார்கள்.

"ஆள் வரலியா? சரி, ஒண்ணுதான, விட்டுறலாம். எட்டு..."

பெனிட்டா எழுந்தாள். எந்தக் காலத்திலோ பழகிய வாய், கேட்காமலே, "ப்ரசென்ட் சிஸ்டர்" என்றது. கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "ஆட்சேபணை இருக்கு" என்றாள்.

சாந்தகுமார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஏதோ கேட்பதற்குள் எட்டாவது பெண் செலின் எழுந்து, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற மாதிரி பெனிட்டாவின் வாயையே பார்த்துக்கொண்டு, "ஆட்சேபணை இருக்கு" என்றாள். ஒன்பதாவதும் அதையே சொன்னாள். பத்தாவதும். முன்னால் சொன்ன அபிராமி திரும்ப எழுந்து மாற்றிச் சொன்னாள். இருக்கு, இருக்கு, இருக்கு என்று ஜீனத் வரை போயிற்று, திரையில் இருந்த பச்சை வட்டம் ஓரத்திலிருந்து சிவந்து கொண்டே வந்து முழுவதும் சிவப்பானது. சூளைத் தெருக்காரர்கள் கை தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

முடிந்தது, உட்கார்ந்துவிடலாம் என்று பெனிட்டா நினைத்தாள். கிடங்கு வராது, பம்பு பிழைக்கும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அப்படியொரு குளிர்ச்சி அவள் மேல் இறங்கியது. அந்தக் குளிர்ச்சியில் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தபோது, எல்லாரும் கை தட்டுகையில் முத்துப்பேச்சி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, 'இப்பவும் நீதானே பேசுதே' என்று கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நாற்பத்தொரு தடவை சம்மதம் சொன்னதும் அவள், நாற்பத்தொரு தடவை மறுத்ததும் அவள். அந்தத் தெரு இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"சார், இவங்க யாரும் சொல்லல" என்றாள். "எல்லாம் நான்தான். அந்தத் தெருவுக்கு நான் போகவே இல்ல. என் வீட்டு மேசையில உக்காந்து எழுதினேன். இவங்க பேரு என் கூடப் படிச்சவங்க பேரு. ரேகை என் பிள்ளையோடது." இவாவின் கையைத் தூக்கிக் காட்டினாள். காட்டியதும், இதற்கும் பிள்ளையின் கைதானா என்று கூசி இறக்கினாள்.

"அம்மா, பதிவேற்றம் பண்ணிட்டோமே" என்றார் சாந்தகுமார், மெல்லிய குரலில், தன் வீட்டில் ஏதோ இடிந்து விழுந்தது மாதிரி.

"அடிச்சுருங்க சார்."

"நீயே அடி. ஒன் கையெழுத்துதான."

அவள் முதல் படிவத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டாள். அபிராமி பையனையும் பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனாள். வாசலில் வெயில் இருந்தது, வெயிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் இல்லை. இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு. தலைமை ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். சூளைத் தெருப் பெண்கள், "இரு தாயி, டப்பாவத் தொறந்து குடுக்கேன்" என்று பழக்கத்தில் எழுந்து, எழுந்த வேகத்தில் நின்றார்கள். இருபத்து மூன்றாவது வீட்டு நாலு வயதுப் பிள்ளை, வாசலில் திரும்பி, படிவத்தில் இல்லாத ஒன்றாக, கையை ஆட்டி டாட்டா காட்டியது. பெனிட்டா கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருமுறை அவர்களைப் பொய்யாக உண்டாக்கியவளும், மறுமுறை நிஜமாக அழித்தவளும் தானே என்பது ஒவ்வொரு கோட்டிலும் கையில் உறைத்தது. நாற்பது கோடு ஆனபோது சுவரோரம் நாற்பது நாற்காலி மடங்கியிருந்தது, ஏழாவது மட்டும் விரித்தபடி நின்றது.

தன் பெயர் இருந்த ஏழாவது படிவத்தையும் அடித்தாள். திரையில் வட்டம் வெள்ளையாக இருந்தது. "இப்ப என்கிட்ட சூளைத் தெருவப் பத்தி ஒண்ணுமே இல்ல" என்றார் சாந்தகுமார். "திங்கக்கிழமைக்குள்ள மறுபடி எடுக்கணும். வேற ஆளப் போடுறேன். நீ வீட்டுக்குப் போம்மா."

"வேற ஆளு வேண்டாம்" என்றாள் முத்துப்பேச்சி. "அந்தப் பிள்ளையவே அனுப்பும். வேலைக்கு வேண்டாம்னா வச்சுக்காதேயும். எங்க வாசலுக்கு அதுதான் வரணும்."

மறுநாள் காலையில் பெனிட்டா இவாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, புதுப் படிவங்களோடு ஓடைப் பாலத்தைக் கடந்தாள். தெரு முழுக்க வாசலில் நின்றது. ஏழாம் நம்பர் வீட்டு வாசற்படியில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா" என்றாள் பெனிட்டா. அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எழுது."

பதினோரு கேள்வியும் கேட்டாள், சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். குழாய் இல்லை. லாரி இல்லை. குறைக்கு இருந்த ஒரு வரி இடம் போதாமல் ஓரத்தில் எழுதினாள். ஆட்சேபணை உண்டு.

"பின்பக்கம் வெறும் தாள்தான?" என்றாள் முத்துப்பேச்சி. "நான் ஒரு கேள்வி கேக்கேன், அதுல நீ பதில எழுது. பாலத்து வரைக்கும் வந்தியே, பிள்ள காலத் துணிக்குள்ள இழுத்துக்கிட்டியே, நான் இங்கனதான் நின்னேன். ஏன் திரும்பிப் போன?"

"கைப்பிள்ள. அம்மை ஒட்டிரும்னு..."

"இங்க யாருக்கு அம்மை போட்டிருந்துச்சு?"

யாருக்கும் இல்லை. பெனிட்டா தாளைத் திருப்பி, முழங்காலில் வைத்து, ஒரு சொல் எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இல்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது. சத்தமா வாசி."

தெரு கேட்டுக்கொண்டிருந்தது. "அருவருப்பு" என்று வாசித்தாள்.

முத்துப்பேச்சி மைப் பெட்டியை வாங்கி, அந்தச் சொல்லுக்குக் கீழே தன் பெருவிரலை அழுத்தி வைத்தாள். துடைப்பக் குச்சி கிழித்த கீறல்கள் ரேகைக்குக் குறுக்கே விழுந்திருந்தன. "சரி, எட்டாம் நம்பருக்குப் போ. இன்னும் நாப்பது வீடு இருக்கு. இதையே எல்லாரும் கேப்பாவ."

எட்டாம் நம்பர் வாசலில், முட்டியில் வடு உள்ள அந்தச் சின்னப் பெண் நின்றிருந்தது. இவாவின் தொங்கிய பாதத்தை அது எட்டிப் பிடித்தது. பெனிட்டாவின் கை, அவளைக் கேட்காமலே, பாதத்தை இழுக்க அசைந்தது. அசைந்ததை அவளும் பார்த்தாள், அந்தப் பெண்ணும் பார்த்தது. கையைக் கீழே இறக்கிப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு, "உங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.